சாப்பிட்டிட்டுத்தான் போட்டவர்: வன்னியில் ஓர் இரைப்பைப் புண் பற்றிய நிகழ்வு ஆய்வு

மாசி மாதக் கடைசி, காலபோக அறுவடை ஓய்கிற நேரம். இரணைமடுக் குளத்துப் பாய்ச்சலில் வயல் செய்கிற 54 வயது விவசாயி ஒருவர், விடியற்காலையில் மலசலகூடத்திலிருந்து வெளியே வந்து இரண்டு எட்டு வைத்ததும் மயங்கி விழுந்தார். வீட்டார் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து, அம்புலன்சில் எங்கள் வைத்தியசாலைக்குக் கொண்டுவந்தார்கள். வரும்போது நினைவு திரும்பியிருந்தது. கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னார். ஆனால் முகம், உள்ளங்கை, கண்மடலின் உட்புறம் எல்லாம் வெளுத்து, நெற்றியில் குளிர்ந்த வியர்வை அரும்பியிருந்தது.

அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். இது அபூர்வமான நோய் அல்ல. அடிக்கடி வருவது என்பதால்தான் எழுதவே தோன்றியது. வன்னியில் நாரி நோவுக்கோ முழங்கால் நோவுக்கோ பழைய காயத்துக்கோ குளிசை போடுகிற ஒருவராவது இல்லாத வீடு குறைவு. அந்தக் குளிசை வயிற்றுக்குக் கூடாது என்றும் எல்லோருக்கும் தெரியும். ஏன் கூடாது என்பதில்தான் பிசகு. அந்தப் பிசகான விளக்கத்தை நம்பி, தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறேன் என்று இவர் செய்த ஒவ்வொன்றும் இவருக்கு உதவாமல் போயிற்று.

வந்தபோது இருந்த நிலை

நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120. இரத்த அழுத்தம் 90/60. வயிறு மிருதுவாக இருந்தது. மேல்வயிற்றை அழுத்தியபோது லேசாக நொந்தது, அவ்வளவுதான். கள்ளுக் குடிப்பது எப்போதாவது என்றார். ஈரல் கெட்டவர்களுக்கு உணவுக்குழாயின் அடியில் நாளங்கள் புடைத்து வெடித்து இரத்தம் போவதுண்டு என்பதால் அதற்கான அறிகுறிகளைத் தேடினோம். கண்ணில் மஞ்சள் இல்லை, வயிற்றில் நீர் இல்லை, மண்ணீரல் தட்டுப்படவில்லை. ஆசனவாய்ப் பரிசோதனையில் கையுறையில் ஒட்டிக்கொண்டு வந்தது தார் நிறத்தில், பிசுபிசுப்பான, ஒருவித அழுகல் மணமுள்ள கறுப்பு மலம்.

இரண்டு நாளாக அப்படித்தான் போனதாம். சாப்பாட்டில் ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டிருக்கிறார். இரத்தம் என்றால் சிவப்பாக அல்லவா போகவேண்டும் என்பது பலருடைய எண்ணம். மேலே, இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ கசிகிற இரத்தம் அமிலத்தில் பட்டுக் கறுத்து, குடல் முழுவதும் பயணம் செய்து வெளியேறும்போது சிவப்பின் சாயலே இருக்காது. 50 முதல் 100 மில்லிலீற்றர் வரை கசிந்தாலே மலம் இப்படிக் கறுத்துவிடும்.

ஈமோகுளோபின் 6.2 வந்தது. இரத்தத்தில் யூரியா கூடியிருந்தது, ஆனால் கிரியேற்றினின் சாதாரணமாக இருந்தது. சிறுநீரகம் கெட்டிருந்தால் இரண்டும் சேர்ந்துதான் ஏறும். இப்படிக் கறுப்பு மலத்தோடு யூரியா மட்டும் ஏறினால், பெரும்பாலும் குடலுக்குள் இறங்கிய இரத்தத்தை உடம்பு ஒரு புரத உணவாக எடுத்துச் சமித்திருக்கிறது என்று பொருள். தன் இரத்தத்தையே அவர் சாப்பாடாகச் சமித்துக்கொண்டிருந்தார்.

இரு கைகளிலும் பெரிய ஊசிக் குழாய்கள் ஏற்றி, சேலைன் ஓடவிட்டு, இரத்தம் பொருத்திப் பார்க்க அனுப்பினோம். ஈமோகுளோபின் 7 இற்குக் கீழே இறங்கினால்தான் பொதுவாக இரத்தம் ஏற்றுவது இப்போதைய நடைமுறை. இவர் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தார். அமிலச் சுரப்பை அடக்கும் மருந்தை நாளத்தின் வழியாகத் தொடங்கினோம். நிலை சற்று நிதானமானதும், வாய் வழியாகக் கமராவை இறக்கி இரைப்பையைப் பார்க்கும் எண்டொஸ்கோபி வசதியுள்ள பெரிய வைத்தியசாலைக்கு ஏ9 வீதியால் அனுப்பினோம்.

சுருளுக்குள் இருந்தவை

மனைவி ஒரு சொப்பிங் பையை நீட்டினார். உள்ளே சின்னச் சின்னக் கடதாசிச் சுருள்கள். எதிலும் மருந்தின் பெயர் எழுதியிருக்கவில்லை. காலை ஒன்று, இரவு ஒன்று என்று பேனையால் கோடு மட்டும். ஒன்றை உடனே அடையாளம் கண்டோம்: டைக்ளோபெனாக் 50 மில்லிகிராம். இன்னொன்று மெபனமிக் அசிட். இரண்டும் நோ மருந்துகள். மூன்றாவது, ஒரு சிறிய வெள்ளைக் குளிசை, என்னவென்று கடைசிவரை உறுதிசெய்ய முடியவில்லை. ஸ்டீரொய்டாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டோம், ஏனென்றால் நோ மருந்தோடு ஸ்டீரொய்டைச் சேர்த்துக் கொடுத்தால் நோயாளி அடுத்த நாளே துள்ளி எழும்புவார், மருந்து கொடுத்தவருக்கு நல்ல பெயரும் கிடைக்கும். அந்தச் சேர்க்கை இரைப்பைப் புண்ணின் ஆபத்தைப் பல மடங்காக்கும். பெயர் எழுதாமல் சுருளில் மருந்து கொடுக்கும் பழக்கம் நிற்கவேண்டும் என்று நான் சொல்வது வெறும் ஒழுங்குக்காக அல்ல. அன்று அந்த வெள்ளைக் குளிசை எது என்று தெரிந்திருந்தால் எங்கள் வேலை இலகுவாகியிருக்கும்.

எதற்காக இவ்வளவு மருந்து? 2009 இல் போரில் பட்ட செல் (எறிகணை) துண்டு ஒன்று அவருடைய வலது இடுப்புக்குப் பின்னால் தசைக்குள் இன்னும் இருக்கிறது. எடுக்கப் போனால் நரம்புக்குப் பாதிப்பு வரலாம் என்று அப்போது விட்டுவிட்டார்கள். சாதாரண நாட்களில் சமாளிப்பார். மருந்துத் தாங்கியை முதுகில் சுமந்து வயலுக்கு அடிக்கிற காலத்திலும், அறுவடை முடிந்து மூட்டை தூக்குகிற காலத்திலும் நோ கூடிவிடும். இப்போது வெட்டுகிறது மெசின்தான், ஆனாலும் மூட்டையை மனிதன்தான் தூக்கவேண்டும். அந்தக் கிழமைகளில் காலை ஒரு டைக்ளோபெனாக், இரவு ஒன்று, தாங்காவிட்டால் மத்தியானமும் ஒன்று.

“டொக்டர், இவர் வெறும் வயித்தில ஒருநாளும் போடேல்லை. சாப்பிட்டிட்டுத்தான் போட்டவர். வயித்தில ஒரு நோவும் இல்லை எண்டுதான் சொன்னவர்” என்றார் மனைவி. மயங்கி விழுந்த கணவனைவிட, தான் கவனிக்காமல் விட்டதாக யாரும் நினைத்துவிடுவார்களோ என்ற கவலை அவருக்கு. உறைப்பைக் குறைத்தாராம், இரவில் பால் கொடுத்தாராம்.

கணவர் படுத்தபடியே சொன்னது இன்னும் முக்கியமானது. “குளிசை வயித்தைப் புண்ணாக்கும் எண்டு தெரிஞ்சுதான் டொக்டர், போன கிழமை ஊசிக்கு மாறினனான்.” ஊரில் ஓரிடத்தில் நாளுக்கு ஒன்றாக ஊசி போட்டிருக்கிறார். அதுவும் டைக்ளோபெனாக்தான்.

சாப்பிட்டபின் போட்டார், உறைப்பைக் குறைத்தார், ஊசிக்கு மாறினார். மூன்றுக்கும் பின்னால் இருப்பது ஒரே எண்ணம்: குளிசை இரைப்பையில் விழுந்து, அது பட்ட இடத்தில் புண்ணாக்குகிறது. அல்லது, அமிலத்தைக் கூட்டிவிடுகிறது. சரி, உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டுமானால், மருந்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு இரைப்பையைப் பார்க்க வேண்டும்.

இரைப்பை ஏன் தன்னைச் சமிப்பதில்லை

இறைச்சியைக் கரைக்கிற சாறு, இறைச்சியால் ஆன பையை ஏன் கரைப்பதில்லை? ஜோன் ஹன்டர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1772 இல் இலண்டன் றோயல் சொசைட்டியில் இதைக் கேள்வியாக வைத்தார். நன்றாக இருந்து, சாப்பிட்ட சிறிது நேரத்தில் திடீரென இறந்துபோனவர்களின் உடலை அறுத்துப் பார்த்தபோது, இரைப்பை தானாகவே கரைந்து ஓட்டை விழுந்திருப்பதை அவர் கண்டிருந்தார். ஆகவே உயிரோடு இருக்கும்வரை உயிர்தான் இரைப்பையைக் காக்கிறது என்று முடிவுசெய்தார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு உடற்றொழிலியலாளர் குளோட் பேர்ணாட், உயிருள்ள தவளையின் பின்னங்காலை ஒரு நாயின் இரைப்பைக்குள் திறப்பின் வழியாக வைத்துப் பார்த்தார். தவளைக்கு உயிர் இருந்தது, கால் சமித்துப்போயிற்று. உயிர் மட்டும் போதாது. இரைப்பையின் உட்சுவருக்குத் தவளைக் காலிடம் இல்லாத ஏதோ ஒன்று இருக்கிறது.

அந்தச் சாற்றில் இருப்பது ஐதரோகுளோரிக் அமிலம் என்று வில்லியம் பிரவுட் 1824 இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2 லீற்றர் இரைப்பைச் சாறு சுரக்கிறது. சுவர்க்கலங்கள் எனப்படும் கலங்கள் ஐதரசன் அயனை ஒரு பம்பியால் வெளியே தள்ளுகின்றன. அமிலத்தன்மையைக் காட்டும் பீ.எச் எண் குறையக் குறைய அமிலம் கூடும்; கலத்துக்குள் அது 7 அளவில். வெளியே தள்ளிய சாற்றில் 1 இற்கும் கீழே. அயனின் செறிவில் பத்து இலட்சம் மடங்குக்கு மேல் வித்தியாசம். உடம்பில் வேறெங்கும் இப்படியொரு ஏற்றத்துக்கு எதிராக எதையும் தள்ளுவதில்லை. பக்கத்திலுள்ள கலங்கள் பெப்சினோசனைச் சுரக்கின்றன. அது அமிலத்தில் பட்டதும் பெப்சினாக மாறிப் புரதத்தை வெட்டத் தொடங்கும். கலத்துக்குள்ளேயே பெப்சினாக இருந்தால் சுரக்கிற கலத்தையே முதலில் வெட்டிவிடும். வெளியே போன பிறகு மாறுவதே முதல் காவல்.

உட்சுவரின் மேல் முழுவதும் சீதம் பூசியிருக்கிறது. சளியாலான ஒரு வழுவழுப்பான கூழ்ப்படை. நூற்றில் 95 பங்கு தண்ணீர்தான். தடிப்பு ஒரு மில்லிமீற்றரிலும் குறைவு. பெப்சின் மூலக்கூறு பெரியது, அந்தக் கூழை ஊடுருவிக் கீழே இறங்க முடியாது. ஆனால் ஐதரசன் அயன் மிகச் சிறியது, அதைக் கூழ் மட்டும் தடுத்துவிடாது. அதனால் மேற்பரப்புக் கலங்கள் சீதத்தோடு சேர்த்து பைகாபனேற்றையும் சுரக்கின்றன. மேலிருந்து இறங்கும் அமிலமும் கீழிருந்து ஏறும் பைகாபனேற்றும் சீதத்தின் நடுவிலேயே சந்தித்து ஒன்றையொன்று நடுநிலையாக்கிக்கொள்கின்றன. இரைப்பையின் குழிக்குள் பீ.எச் 2 ஆக இருக்கும்போது, சீதத்துக்கு அடியில், கலத்தின் தோலில், பீ.எச் 7 இற்குப் பக்கத்தில் இருக்கும். இடைத்தூரம் ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை.

அந்த பைகாபனேற்று எங்கிருந்து வருகிறது என்பதில்தான் எனக்கு எப்போதும் வியப்பு. சுவர்க்கலம் ஓர் ஐதரசன் அயனைக் குழிக்குள் தள்ளும்போதெல்லாம், ஒரு பைகாபனேற்று அயனைப் பின்பக்கமாக இரத்தத்துக்குள் விடுகிறது. இரண்டும் ஒரே தாக்கத்தின் இரு விளைவுகள். அந்தப் பின்பக்க நுண்நாளங்கள் சுரப்பியின் அடியிலிருந்து மேலே ஏறி, மேற்பரப்புக் கலங்களின் காலடியால் போகின்றன. அதாவது எவ்வளவு அமிலம் சுரந்ததோ அவ்வளவு மாற்றுமருந்து அதே நேரத்தில் உருவாகி, அது தேவைப்படுகிற இடத்தைத் தாண்டித்தான் உடம்புக்குள் போகிறது. வயிறு நிறையச் சாப்பிட்டபின் இரத்தமும் சிறுநீரும் அமிலத்துக்கு எதிரான காரத்தன்மையைச் சற்று அடைவது இதனால்தான். அமிலம் கூடினால் பாதுகாப்பும் கூடும் என்ற ஏற்பாடு சுரப்பியின் அமைப்பிலேயே இருக்கிறது.

சீதத்துக்குக் கீழே உருவாகும் அமிலம் சீதத்தைக் கடந்து மேலே எப்படிப் போகிறது என்று கேட்கலாம். சுரப்பிக்குள் அழுத்தத்தோடு சுரக்கும் அமிலம், கூழைக் கரைக்காமல், மெல்லிய வாய்க்கால்களாகப் பிளந்துகொண்டு மேலேறுகிறது என்று 1992 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. மேலே போய்ச் சேர்ந்தபின், அமிலத்தில் பட்ட சீதம் இறுகுவதால் திரும்பி வருவது கடினம்.

இதெல்லாம் இருந்தும் சேதம் நடக்கத்தான் செய்கிறது. பெப்சின் சீதத்தின் மேற்பரப்பை விடாமல் அரிக்கிறது, கீழிருந்து புதிய சீதம் விடாமல் சுரக்கிறது. கலங்கள் ஒன்றோடொன்று இறுக்கமாகப் பின்னியிருக்கின்றன, ஆனாலும் தினமும் உதிர்கின்றன. உட்சுவரின் மேற்பரப்புக் கலங்கள் சில நாட்களுக்கொரு முறை முழுவதுமாகப் புதுப்பிக்கப்படுகின்றன. ஓர் இடத்தில் மேற்கலங்கள் உரிந்தால், பக்கத்துக் கலங்கள் தட்டையாகி நகர்ந்து வந்து அந்த இடத்தை மூடிவிடும். கலப்பிரிவுக்குக்கூடக் காத்திருப்பதில்லை, ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். அடிமென்சவ்வு கிழியாமல் இருந்தால் போதும், இரத்தம் ஒழுங்காக ஓடினால் போதும். கசிந்து உள்ளே வந்த அமிலத்தையும் அந்த இரத்தம்தான் அள்ளிக்கொண்டு போகும்.

நோயாளிக்கு இதையெல்லாம் சொல்ல முடியாது. வன்னிக்காரருக்கு விளங்கக்கூடிய மாதிரி ஒன்றுதான் சொன்னேன்: குளத்தில் தண்ணீர் எப்போதும் இருந்த மட்டத்தில்தான் ஐயா இருந்தது, கட்டைப் பராமரிக்கிற ஆட்களைத்தான் இந்த மருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

மருந்து எங்கே கைவைக்கிறது

சீதம் சுரக்க, பைகாபனேற்று சுரக்க, நாளங்கள் விரிந்து இரத்தம் ஓட, காயம் மூட, இவை எல்லாவற்றுக்கும் கட்டளை கொடுக்கிற ஒரு குடும்பப் பொருள் உண்டு: புரொஸ்டகிளாண்டின்கள். இரைப்பைச் சுவர் தனக்குத் தேவையானதைத் தானே உற்பத்திசெய்துகொள்கிறது. சுவர்க்கலத்தின் அமிலச் சுரப்பைச் சற்று அடக்கி வைப்பதும் அவைதான். உற்பத்திக்குத் தேவையான நொதியத்தின் பெயர் சைக்ளோ ஒட்சிசனேசு.

அதே நொதியம், அடிபட்ட இடத்திலும் புரொஸ்டகிளாண்டினை உருவாக்குகிறது. அங்கே அது நோவையும் வீக்கத்தையும் கூட்டுகிறது. அஸ்பிரின் போன்ற மருந்துகள் அந்த உற்பத்தியை நிறுத்துவதால்தான் நோ குறைகிறது என்று ஜோன் வேன் 1971 இல் கண்டுபிடித்தார். 1982 இல் அதற்காக நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். டைக்ளோபெனாக், இபுபுரோபென், மெபனமிக் அசிட், நப்ரொக்சன் எல்லாம் இதே வேலையைத்தான் செய்கின்றன. இடுப்பில் நிறுத்துகிற அதே கையால் இரைப்பையிலும் நிறுத்துகின்றன. இடுப்பு எது, இரைப்பை எது என்று இரத்தத்தில் ஓடும் மருந்துக்குத் தெரியாது.

ஊசியாகப் போட்டாலும் ஆபத்து ஏன் போகவில்லை என்பதற்கு விடை இதுதான். பிட்டத்தில் ஏற்றிய மருந்து இரத்தத்துக்குள் போய், இரத்தத்தின் வழியாக இரைப்பைச் சுவரின் பின்பக்கத்தை வந்தடைகிறது. ஆசனவாய் வழியாக வைக்கும் மருந்தும் அப்படித்தான். சாப்பிட்டபின் போட்டால் குமட்டலும் வயிற்று எரிவும் சிலருக்குக் குறையலாம், அது பொய்யில்லை. இந்த மருந்துகளில் பல, அமிலத்துக்குள் இருக்கும்போது நேராகவே கலத்துக்குள் நுழைந்து சேதப்படுத்தவும் செய்கின்றன. ஹொரஸ் டவன்போட் 1964 இல் அஸ்பிரினை வைத்து இரைப்பையின் தடுப்பு எப்படி உடைகிறது என்று காட்டியது இதைத்தான். ஆனால் ஆழமான புண்ணுக்கும் இரத்தப்போக்குக்கும் பெரும்பங்கு புரொஸ்டகிளாண்டின் இல்லாமல் போவதுதான். அதைச் சோறும் கறியும் தடுக்காது. பாலும் தடுக்காது, பால் குடித்தால் அமிலம் இன்னும் சுரக்கும்.

உறைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. மிளகாய் எரிக்கும், ஏற்கெனவே நெஞ்செரிவு உள்ளவருக்குத் தொந்தரவு கொடுக்கும். ஆனால் புண் உண்டாக்குகிறது என்பதற்குச் சான்று இல்லை. மனைவி தன் சமையலைக் குறைசொல்லிக்கொண்டே இருந்ததால் இதை அவரிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

வயிற்றில் நோ ஏன் இல்லை? இந்த மருந்துகளால் வரும் புண்கள் பெரும்பாலும் சத்தமில்லாமல் வளர்ந்து, முதல் அறிகுறியாக இரத்தப்போக்கையோ ஓட்டையையோதான் காட்டுகின்றன. நோவை அடக்கும் மருந்து புண்ணின் நோவையும் அடக்கிவிடுவது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. இந்த மருந்துகளைத் தொடர்ந்து போடுகிற 100 பேரில் ஏறக்குறைய ஒருவர் அல்லது இருவர், ஓர் ஆண்டுக்குள் இப்படியான பெரிய சிக்கலுக்குள் போகிறார்கள். வயது, முன்பே புண் இருந்தது, ஸ்டீரொய்டு, இருதயத்துக்கான அஸ்பிரின், ஒரே நேரத்தில் இரண்டு நோ மருந்துகள் என்று ஒவ்வொன்றும் அந்த ஆபத்தைக் கூட்டும். இவர் இரண்டு நோ மருந்தை ஒன்றாகப் போட்டிருந்தார். ஒரே பூட்டுக்கு இரண்டு திறப்பு. நோ அதற்கேற்பக் குறையாது, சேதம் மட்டும் கூடும்.

கமராவில் கண்டது

மறுநாள் காலை எண்டொஸ்கோபி செய்தார்கள். இரைப்பையின் சிறிய வளைவில் ஒன்றரைச் சென்ரிமீற்றர் அகலமான ஆழ்ந்த புண். அடியில் ஒரு சிறு நாடியின் முனை துருத்திக்கொண்டு நின்றது. சுற்றிலும் மேலோட்டமான உரிவுகள் பல. முன்சிறுகுடல் சுத்தம். மேற்படையோடு நிற்பது உரிவு. அடியிலுள்ள மெல்லிய தசைப்படையையும் தாண்டி இறங்கினால்தான் அது புண். அந்த ஆழத்தில்தான் நாடிகள் ஓடுகின்றன.

புண்ணைச் சுற்றி அட்றினலின் ஊசி போட்டு, நாடியின் முனைக்குக் கிளிப் பூட்டினார்கள். அதன் பிறகு மூன்று நாள் அமிலத்தை அடக்கும் மருந்து நாளத்தில் ஓடியது. அமிலத்தில் குற்றமில்லை என்று சொல்லிவிட்டு அமிலத்தை அடக்குவதேன் என்று கேட்டால், காரணம் இரத்தக்கட்டி. பீ.எச் 6 இற்குக் கீழே குருதிச் சிறுதட்டுகள் ஒழுங்காக ஒட்டிக்கொள்வதில்லை, ஒட்டியதையும் பெப்சின் கரைத்துவிடும். வேலி திரும்ப எழும்பும்வரை அமிலத்தைத் தள்ளிவைக்க வேண்டும்.

புண்ணுக்கு இன்னொரு பெரிய காரணமான ஹெலிகோபக்டர் கிருமியையும் தேடினார்கள். 1982 இல் பெர்த் நகரில் பரி மார்சலும் ரொபின் வொறனும் வளர்த்துக் காட்டி, 2005 இல் நோபல் பரிசு பெற்றார்களே, அதே கிருமி. யூரியாவை உடைத்து அமோனியா உண்டாக்கி அமிலத்திலிருந்து தன்னைக் காத்துக்கொண்டு, சீதத்துக்குள்ளேயே குடியிருக்கும். அந்தக் கிருமி இல்லை என்று முடிவு வந்தது. ஆனால் இரத்தம் கசிகிறபோதும், அமிலத்தை அடக்கும் மருந்து ஓடுகிறபோதும் இந்தச் சோதனை பொய்யாக இல்லை என்று காட்டக்கூடும். அதனால் பின்னர் மருந்தை இரண்டு கிழமை நிறுத்திவிட்டு மறுபடி பார்த்தோம். அப்போதும் இல்லை.

நோவை என்ன செய்வது

புண்ணை ஆற்றுவது இலகுவான பாதி. ஒமிப்பிரசோலைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னர் எட்டுக் கிழமை போடச் சொன்னோம். சாப்பாடு வரும்போதுதான் பம்பிகள் வேலைசெய்யத் தொடங்கும். வேலைசெய்கிற பம்பியைத்தான் அந்த மருந்து பிடிக்கும். ‘சாப்பிட்டபின் குளிசை’ என்ற பழக்கம் இங்கே நேர்மாறாக வேண்டும் என்பதை விளங்கப்படுத்த நேரம் எடுத்தது.

கடினமான பாதி, இடுப்பு. நோ மருந்தைப் போடாதீர்கள் என்று கொப்பியில் எழுதி அனுப்பிவிடலாம். அடுத்த போகத்தில் மூட்டை தூக்கும்போது அந்த எழுத்து உதவாது, மறுபடி சுருள்தான். செல் துண்டுகளோடு வாழும் எத்தனையோ பேருக்கு வன்னியில் இதுதான் நிலை. நோவை ஒழுங்காகக் கவனிக்காமல் இரைப்பையைக் காப்பாற்ற முடியாது என்பது என் உறுதியான எண்ணம். எக்ஸ்ரேயில் துண்டு பழைய இடத்திலேயே இருந்தது. சத்திரசிகிச்சை நிபுணர் பார்த்து, நோவின் பெரும்பகுதி துண்டிலிருந்து அல்ல, அதைச் சுற்றி இறுகிய தசையிலிருந்தும் நாரியிலிருந்தும் வருகிறது என்றார். பனடோலை நேரம் வைத்து, முழு அளவில், நோ வரும்வரை காத்திராமல் போடச் சொன்னோம். நரம்பு நோவுக்கு இரவில் சிறிய அளவில் ஒரு மருந்து. தசையைத் தளர்த்தும் பயிற்சிகளை இயன்மருத்துவர் காட்டிக்கொடுத்தார்.

“அந்த ஊசியை வயித்தில படாம போடேலாதோ, டொக்டர்?” என்று கேட்டார். முடியாது. அதற்குக் கிட்டவாக இருப்பது டைக்ளோபெனாக் பூச்சுமருந்து; தோலில் பூசினால் இரத்தத்துக்குப் போவது குளிசையின் அளவில் சிறு பங்குதான். அதைக் கொடுத்தோம். என்றாவது இந்த வகை மருந்து தவிர்க்க முடியாமல் போனால், இதில் இரைப்பையைக் குறைவாகத் தாக்கும் செலிகொக்சிப்பும் ஒமிப்பிரசோலும் சேர்த்து, வைத்தியர் சொல்லும் குறைந்த நாட்களுக்கு மட்டும் என்று பேசிக்கொண்டோம். புரொஸ்டகிளாண்டினுக்குப் பதிலாக வேலைசெய்யும் மிசோபிரஸ்டோல் என்ற மருந்தும் இருக்கிறது. வயிற்றோட்டத்தை உண்டாக்குவதால் பலரால் தொடர்ந்து போட முடிவதில்லை. இரைப்பைக்காக அதைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கவே கூடாது.

வீட்டுக்குப் போன சில நாட்களில் மனைவி பதறிக்கொண்டு வந்தார், மலம் மறுபடி கறுப்பாம். இரத்தம் ஊறுவதற்குக் கொடுத்த இரும்புக் குளிசைதான் காரணம். இரும்பால் கறுத்த மலம் பச்சை கலந்த கறுப்பாக, சாதாரண இறுக்கத்தில் இருக்கும். தார் நிறத்தில் ஒட்டாது, அந்த அழுகல் மணமும் இராது. தலைச்சுற்றும் சேர்ந்து வந்தால் எதையும் யோசிக்காமல் உடனே வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினோம்.

எட்டுக் கிழமைக்குப் பின் மறுபடி எண்டொஸ்கோபி. இரைப்பைப் புண் என்றால் ஆறியதா என்று கட்டாயம் திரும்பப் பார்க்க வேண்டும், சில புற்றுநோய்கள் சாதாரணப் புண்ணின் வேடத்தில் வருவதுண்டு. புண் இருந்த இடத்தில் வெளிறிய தழும்பு. எடுத்த துணுக்குகளில் புற்றுநோய் இல்லை. ஈமோகுளோபின் 11.4. இடுப்பு நோ பாதியாகக் குறைந்திருக்கிறது, போய்விடவில்லை.

கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தில் அவர் போடக்கூடாத மருந்துகளின் பெயர்களைத் தமிழில் சிவப்பு மையால் எழுதியிருக்கிறோம். எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் அதைக் காட்டுவதாகச் சொல்கிறார். இப்போது சிறுபோகத்துக்கு விதைத்திருக்கிறார். மூட்டை தூக்க மகனையும் கூலியாளையும் வைத்துக்கொள்வதாகப் பேச்சு. அடுத்த முறை வரும்போது இரும்புக் குளிசையை நிறுத்துவதா என்று பார்க்க வேண்டும்.